கதவோரம் போட்ட எக்ஸ்: கத்ரீனாவுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ்

கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் தங்கள் வீட்டைத் தேடிப் போனவர்களின் கண்ணில் முதலில் பட்டது, வாசல் சுவரில் ஸ்பிரே பெயின்டால் போட்டிருந்த பெரிய எக்ஸ் குறி. தேடுதல் படையினர் வீடு வீடாகப் போய் இட்ட அடையாளம் அது. எக்ஸின் மேல் கட்டத்தில் தேடிய தேதி, இடப்பக்கம் எந்தப் படை என்ற குறியீடு, வலப்பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து, கீழ்க் கட்டத்தில் ஓர் எண். அந்த எண் சுழியமாக இருந்தால் வீட்டுக்காரர் மூச்சு விடலாம். ஒரு வீட்டில் சுற்றி வளைக்காமல் "பரணில் ஒரு பிணம்" என்றே எழுதியிருந்தார்கள்.

பரணுக்கு அந்த ஊரில் ஒரு கதை உண்டு. 1965-ல் பெட்ஸி புயல் வந்தபோது தண்ணீருக்குப் பயந்து பரணில் ஏறியவர்கள், கூரையைப் பிளந்து வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து பரணில் ஒரு கோடாலி வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. நாற்பது வருஷத்தில் பல வீடுகளில் அந்தக் கோடாலி எங்கே போனதென்றே யாருக்கும் தெரியவில்லை.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலை புயல் கரை ஏறியது. ஊரை மூழ்கடித்தது காற்றும் மழையும் அல்ல. 17-வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய் ஆகியவற்றின் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. அந்தச் சுவர்களைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே மறு ஆண்டு தன் வடிவமைப்பில் கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆகவே இதை இயற்கைப் பேரிடர் என்று சொன்னால் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் வேண்டும்.

அரசு உதவி தாமதமானதும், சூப்பர்டோம் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் தவித்ததும் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தவை. நான் பார்க்கப் போவது அதற்கு அடுத்த கட்டத்தை. வெளியிலிருந்து வந்தவர்கள் எக்ஸ் போட்டுவிட்டுப் போன அந்த வீடுகளில் அடுத்து என்ன எழுதுவது என்று யார் முடிவு செய்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், நியூ ஆர்லியன்ஸின் கறுப்பர்கள் தங்களுக்குள் சந்தா போட்டுச் சங்கம் நடத்தினார்கள். உடம்பு முடியாமல் போனால் வைத்தியச் செலவு, செத்தால் அடக்கச் செலவு. நம் ஊர் மரண சகாய நிதி மாதிரியேதான். ஆனால் ஒரு வித்தியாசம்: அடக்கச் செலவில் பேண்டு வாத்தியமும் சேர்த்தி. கல்லறை வரை துயர இசை, திரும்பும்போது துள்ளல் இசை. சங்கத்தாரும் வாத்தியக்காரர்களும் முன் வரிசையில் போக, பின்னால் ஊரே ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்குப் பெயர் செகண்ட் லைன். இந்தச் சங்கங்களின் பெயரே 'சோஷியல் எய்ட் அண்ட் பிளஷர் கிளப்'. உதவியும் உல்லாசமும் ஒரே பெயர்ப்பலகையில். பறையும் தப்பட்டையும் இல்லாமல் பிணம் எடுக்காத ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அதாவது பரஸ்பர உதவியும் தெருக்கலையும் அந்த ஊரில் புயலுக்குப் பிறகு யாரோ கொண்டுவந்து இறக்கியவை அல்ல. இரண்டும் ஒரே கிளையில் காய்த்தவை. பின்னால் வந்த முயற்சிகளில் எது நின்றது, எது உதிர்ந்தது என்று பார்க்கும்போது இதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் அல்ஜியர்ஸ் என்ற பகுதி. அங்கே வெள்ளம் ஏறவில்லை. ஆனால் மின்சாரம் இல்லை, மருத்துவமனை இல்லை, கடை இல்லை. கூடவே வேறொரு ஆபத்து: ஆற்றோரத்தில் வெள்ளையர்கள் சிலர் துப்பாக்கியோடு தெருவை மறித்துக் 'காவல்' காத்தார்கள். அவர்களில் ஒருவர், படகுத் துறையை நோக்கி நடந்துபோன மூன்று கறுப்பின ஆண்களைச் சுட்டார். அந்த வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது 2019-ல்தான்.

அந்த அல்ஜியர்ஸில் குடியிருந்தவர் மாலிக் ரஹீம். கறுப்பர் உரிமைக்குப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் பழைய ஆள். இளம் வயதிலிருந்தே குடியிருப்போர் பிரச்சினைகளில் இறங்கி வேலை செய்தவர். புயலுக்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 5-ம் தேதி, அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் அவரும் ஷரன் ஜான்சனும் டெக்சாஸிலிருந்து வந்த ஸ்காட் க்ரோவும் உட்கார்ந்து பேசினார்கள். கையில் இருந்தது 50 டாலர். 'காமன் கிரவுண்ட் கலெக்டிவ்' அப்படித்தான் பிறந்தது. அவர்கள் வைத்துக்கொண்ட முழக்கம்: தோழமைதான், தர்மம் இல்லை.

முழக்கம் யாரும் எழுதலாம். நடந்த வேலையைப் பார்ப்போம். நான்கே நாளில், செப்டம்பர் 9-ல், அல்ஜியர்ஸின் மஸ்ஜித் பிலால் பள்ளிவாசலில் இலவச மருத்துவ முகாம் திறந்தது. வந்தவர்கள் போராட்டக் களங்களில் முதலுதவி செய்து பழகிய 'தெரு மருத்துவர்கள்'. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் சைக்கிளில் தெருத் தெருவாகப் போனார்கள். கதவைத் தட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் தீர்ந்துபோய்ப் பல நாளாகியிருந்தது பலருக்கு. ஏழைகளின் பெரிய மருத்துவமனையாக இருந்த சாரிட்டி மருத்துவமனை புயலுக்குப் பிறகு திறக்கப்படவே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சைக்கிள்களின் மதிப்பு தெரியும். முகாம் பின்னால் ஒரு பழைய மூலைக்கடைக்கு இடம் மாறி, நிரந்தர மருத்துவ நிலையமாகவே ஆனது.

அப்புறம் வேலை ஆற்றைத் தாண்டி லோயர் நைன்த் வார்டுக்குப் போனது. இண்டஸ்ட்ரியல் கால்வாய்ச் சுவர் உடைந்து, ஒரு பெரிய சரக்குப் படகே உள்ளே வந்து வீடுகள் மேல் உட்கார்ந்த இடம். பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள், ஆனால் வாடகைக்காரர்கள் அல்ல. சொந்த வீடு வைத்திருந்தவர்கள் நிறைய. தாத்தா கட்டியது, அப்பாவுக்கு வந்தது, இப்போது பேரன் இருப்பது. பத்திரம் மட்டும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். நம் ஊர்ப் பட்டா விவகாரம் தெரிந்தவர்களுக்கு இது பின்னால் எங்கே போய் இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நிவாரணப் பணம் கேட்டுப் போனபோது, உரிமையாளர் என்று நிரூபிக்க முடியாமல் பலர் நின்றார்கள். பத்திரம் சரியாக இருந்தவர்களுக்கும் இன்னொரு இடி: 'ரோடு ஹோம்' என்ற அரசுத் திட்டத்தில், திரும்பக் கட்ட ஆகும் செலவையும் புயலுக்கு முன் வீட்டுக்கு இருந்த சந்தை மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதை வைத்துத் தொகையைக் கணக்கிட்டார்கள். கறுப்பர்கள் வாழும் பகுதியில் அதே அளவு வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. செங்கலும் சிமெண்டும் மட்டும் எல்லோருக்கும் ஒரே விலை. வழக்கு நடந்து, 2011-ல் 6.2 கோடி டாலர் கூடுதல் உதவி என்று சமரசம் ஆனது.

2006 ஜனவரியில் மேயர் அமைத்த குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. அதில் இருந்த வரைபடம் நாளிதழில் அச்சானது. வெள்ளம் பாதித்த பகுதிகளின் மேல் பெரிய பச்சை வட்டங்கள்; அந்த இடங்கள் பூங்காவாகவோ திறந்தவெளியாகவோ மாறலாம் என்று பொருள். ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் அகதிபோல் இருந்தவர்கள், தங்கள் வீட்டின் மேல் ஒரு பச்சை வட்டம் இருப்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். முதலில் எக்ஸ், இப்போது வட்டம். எதிர்ப்புக்குப் பணிந்து மேயர் அந்தக் கட்டுமானத் தடையை ஏற்கவில்லை. ஆனால் சில மாதங்களில் மாநகர மன்றம் வேறொரு கெடு வைத்தது: முதலாண்டு நினைவு நாளுக்குள் வீட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் நடவடிக்கை வரும்.

வீட்டைச் சுத்தம் செய்வது என்றால் துடைப்பமும் வாளியும் அல்ல. அங்கே பல வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. உள்சுவர் ஜிப்சம் பலகை. வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் பலகையின் பின்னால் பூஞ்சை படரும், சட்டமும் அழுகும். ஆகவே எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். மெத்தை, புத்தகம், திருமண ஆல்பம், தரை விரிப்பு, கூரைப் பலகை, சுவர்ப் பலகை, ஆணி வரை. எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும்வரை உரிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் இதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். காமன் கிரவுண்ட் தொண்டர்கள் வெள்ளை உடுப்பும் சுவாசக் கவசமும் மாட்டிக்கொண்டு கடப்பாரையோடு இலவசமாகச் செய்தார்கள். 2006 வசந்த விடுமுறையில் ஆயிரக்கணக்கான கல்லூரி மாணவர்கள் வந்து, செயின்ட் மேரி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளிக் கட்டடத்தில் கட்டில் போட்டுத் தங்கினார்கள்.

இங்கேதான் தர்மத்துக்கும் தோழமைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. தர்மம் கொடுப்பவர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார். கத்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்னால் சுனாமி அடித்த நாகப்பட்டினத்தில் பழைய துணி மலைமலையாகக் குவிந்து தெருவில் கிடந்தது நினைவிருக்கும். மீனவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது படகும் வலையும். லோயர் நைன்த் வார்டில் மக்களுக்கு வேண்டியிருந்தது சோறு மட்டும் அல்ல, 'இந்த வீடு கைவிடப்படவில்லை' என்பதற்கான சாட்சி. உரித்துச் சுத்தம் செய்த வீட்டை இடிப்பது கடினம். கடப்பாரை அந்த விதத்தில் ஒரு சட்ட ஆவணம்.

அந்த வட்டாரத்தின் மார்ட்டின் லூதர் கிங் பள்ளியிலும் இதேதான் நடந்தது. அதிகாரிகள் திறக்கும் எண்ணத்தில் இல்லை. 2006 மார்ச்சில் தலைமையாசிரியை டோரிஸ் ஹிக்ஸும் ஊர்க்காரர்களும் தொண்டர்களும் அனுமதிக்குக் காத்திராமல் உள்ளே புகுந்து சேற்றை அள்ளினார்கள். 2007-ல் பள்ளி அதே கட்டடத்துக்குத் திரும்பியது. பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத இடத்துக்குக் குடும்பம் திரும்பாது. இந்தச் சின்னக் கணக்கு பெரிய குழுக்களின் அறிக்கைகளில் ஏனோ கடைசிப் பக்கத்தில்தான் வரும்.

சரி, குறைகளுக்கு வருவோம். வந்த தொண்டர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளை இளைஞர்கள். கறுப்பர் வாழும் பகுதிக்கு உதவ வந்து, அந்தப் பகுதிக்கே பாடம் எடுக்கும் சிலரைப் பற்றி உள்ளூரில் எரிச்சல் இருந்தது. தொண்டர் விடுதிகளில் பெண்கள் மீது பாலியல் அத்துமீறல்கள் நடந்ததாகப் புகார்கள் எழுந்தன. யாரும் தலைவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அமைப்பில் அந்தப் புகாரை யாரிடம் கொடுப்பது? அமைப்பில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஒருவர் பின்னால் எஃப்.பி.ஐ-க்குத் தகவல் கொடுப்பவராக மாறியதை 2008 இறுதியில் அவரே வெளியே சொன்னார். இதெல்லாம் எதிரிகள் கட்டிய கதை அல்ல. உள்ளே இருந்தவர்களே பேசியவை.

எனக்கு அதிகம் உறுத்துவது வுட்லண்ட்ஸ் விவகாரம். அல்ஜியர்ஸில் நூற்றுக்கணக்கான குடித்தனங்கள் உள்ள அடுக்குமாடி வளாகம் அது. பின்னால் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் காமன் கிரவுண்ட் 2006-ல் அதன் பராமரிப்பை ஏற்றது. தொண்டர்கள் கூரையைச் சரிசெய்தார்கள், குடித்தனக்காரர்களோடு சேர்ந்து நடத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் வளாகம் வேறு கைக்கு விற்கப்பட்டது. குடியிருந்தவர்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. உழைப்பைக் கொட்டிய இடத்தில் கையில் கிரயப் பத்திரம் இல்லையென்றால் அந்த உழைப்பு யாருக்குப் போகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. சொந்த வீடுகளில் அடித்த கடப்பாரை வீட்டுக்காரரைக் காத்தது. வாடகை வீட்டில் போட்ட கூரை, அடுத்து வாங்கியவரின் சொத்தாகிவிட்டது.

கலைக்கு வருவோம். புயலுக்குப் பிந்தைய முதல் தெருக்கலை, குளிர்பதனப் பெட்டிகள். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் உள்ளே இறைச்சி அழுகிய பெட்டிகளைத் திறக்கவே முடியாது. டேப் போட்டுச் சுற்றி நடைபாதையில் வைத்தார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் பெட்டிகள். யாரோ ஒருவர் எழுத ஆரம்பித்தார், பிறகு ஊரே எழுதியது. உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று அதன் முதலாளி டாம் பென்சன் மீது அப்போது கோபம். ஒரு பெட்டியில் "உள்ளே டாம் பென்சன்" என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ் போட்ட அதே ஸ்பிரே பெயின்ட்தான், பிடித்த கை மட்டும் வேறு. 2006 பிப்ரவரி மார்டி கிரா திருவிழாவில் கூரைக்கு மூடும் நீலத் தார்ப்பாயை கவுனாகத் தைத்து உடுத்திக்கொண்டு வந்தார்கள். இந்த ஊரை யாராலும் பரிதாபத்துக்குரியதாக மட்டும் காட்ட முடியாது.

அதற்கு முந்தைய மாதம் முப்பதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் சேர்ந்து ஒரு பெரிய செகண்ட் லைன் நடத்தின. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தவர்கள் அதற்காகவே வண்டி பிடித்து வந்தார்கள். ஊர்வலம் கலைந்த வேளையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உடனே காவல்துறை ஊர்வலங்களுக்கான கட்டணத்தை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றி, 4,445 டாலர் ஆக்கியது. வீடு இழந்தவர்களின் சங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை! கிளப்புகள் கூட்டாக நீதிமன்றம் போய், 2007-ல் கட்டணத்தைக் குறைக்க வைத்தன. பரஸ்பர உதவி என்றால் அரிசி மூட்டை மட்டும் நினைவுக்கு வருபவர்கள் இந்த வழக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரொனால்டு லூயிஸ் இந்தச் சங்கங்களின் ஆள். டிராம் தண்டவாளம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். லோயர் நைன்த் வார்டில் தன் வீட்டுக் கொல்லையில், மார்டி கிரா இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடியினர் பாணியில் வேடம் கட்டும் கறுப்பினக் குழுவினர்) கையால் மணி கோத்துத் தைக்கும் உடைகளையும் இறகுகளையும் வைத்து ஒரு சின்ன அருங்காட்சியகம் நடத்தினார். பெயர் 'ஹவுஸ் ஆஃப் டான்ஸ் அண்ட் ஃபெதர்ஸ்'. புயலில் எல்லாம் போனது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் 2006-ல் வந்து, அவரோடு சேர்ந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படிக் கட்டுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் சூத்திரம். 2020-ல் கொரோனாவில் அவர் இறக்கும்வரை, தேடி வருகிறவர்களுக்குக் கொல்லையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து வந்த கலைஞர்களில் பால் சான் இதைப் புரிந்துகொண்டவர். காத்திருப்பதைப் பற்றிய பெக்கெட்டின் நாடகத்தை, அரசுக்காகக் காத்திருந்தே அலுத்துப்போன லோயர் நைன்த் வார்டின் நாற்சந்தியில் 2007 நவம்பரில் அரங்கேற்றினார். இடிபாடு நடுவே நாடகம் என்றால் படம் பிடிக்க வருபவர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சான் முன்கூட்டியே வந்து தங்கி, உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்காமல் வகுப்பெடுத்தார். நாடகத்துக்குத் திரட்டிய பணத்தோடு உள்ளூர் மீட்பு அமைப்புகளுக்கு ஒரு தனி நிதியும் சேர்த்தார். முக்கிய வேடத்தில் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நடிகர் வெண்டல் பியர்ஸ். நாடகத்துக்கு முன் எல்லோருக்கும் கம்போ குழம்பு, பிறகு பேண்டு வாத்தியத்தோடு இருக்கைக்கு நடை. இடம் போதாமல் கூட்டம் திரும்பிப் போனது.

முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி 2008 ஆகஸ்டில், மூன்றாம் ஆண்டு நினைவு நாளையொட்டி, இரவோடிரவாக வந்து பல சுவர்களில் வரைந்துவிட்டுப் போனார். அதில் ஒன்று, குடைக்குள்ளிருந்தே மழை கொட்டும் ஒரு சிறுமி. காக்க வேண்டியதே நனைக்கிறது. தடுப்புச் சுவர் உடைந்த ஊருக்கு விளக்கமே தேவையில்லை. 2014-ல் சிலர் சுவரோடு அதை அறுத்தெடுக்க வந்தபோது அக்கம்பக்கத்தார் கூடிக் கேள்வி கேட்டு விரட்டினார்கள். யாரையும் கேட்காமல் வந்த ஓவியம்தான். ஆனாலும் அதற்குள் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது.

கேண்டி சாங் என்ற கலைஞர் செய்தது நேரெதிர். 2011-ல் தன் வீட்டருகே பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் சுவரில் கரும்பலகை வண்ணம் பூசி, "சாவதற்கு முன் நான்..." என்று வரிவரியாக அச்சிட்டு, கோடிட்ட இடத்தை விட்டு, சாக்கட்டியை வைத்தார். அதற்கு முன் வீட்டுக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் வட்டாரச் சங்கத்திடமும் அனுமதி வாங்கினார். மறுநாளே சுவர் நிரம்பியது. மரம் நட வேண்டும் என்று ஒருவர், லட்சக்கணக்கானோர் முன் பாட வேண்டும் என்று இன்னொருவர். அந்த மாதிரிச் சுவர்கள் பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வந்தன. மற்ற நாடுகளில் அது அழகான யோசனை. வாசலில் எண் எழுதிய எக்ஸைப் பார்த்தவர்களின் ஊரில், சாவைப் பற்றிய வாக்கியத்தைத் தங்கள் கையால் முடித்து எழுதுவது வேறு விஷயம்.

ஓவியர் பிராண்டன் ஓடம்ஸ் நியூ ஆர்லியன்ஸ்காரர். புயலுக்குப் பிறகு அடைத்தே கிடந்த, 'ஃபுளோரிடா' என்ற பெயர்கொண்ட உள்ளூர் அரசுக் குடியிருப்புக்குள் 2013-ல் அனுமதியின்றி நுழைந்து, காலி அறைகளின் சுவரெங்கும் கறுப்பின உரிமைப் போராளிகளின் முகங்களை வரைந்தார். விஷயம் பரவியதும் அதிகாரிகள் இடத்தை அடைத்தார்கள். அடுத்த ஆண்டு உரிமையாளர் அனுமதியோடு, நாற்பதுக்கு நெருக்கமான கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு காலியான அடுக்குமாடியை முழுவதுமாக வரைந்தார். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். 2015 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளோடு அது முடிந்தது. அந்தக் கட்டடம் இருந்தது அல்ஜியர்ஸில். குடியிருந்தவர்கள் காலி செய்யப்பட்ட பிறகுதான் ஓவியத்துக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதை அந்தக் கண்காட்சியே மறைக்கவில்லை. வுட்லண்ட்ஸும் அந்தக் கரையில்தான்.

வாசல் எக்ஸ்களில் பெரும்பாலானவை புது வண்ணத்துக்கு அடியில் போய்விட்டன. சில வீட்டுக்காரர்கள் மட்டும் சுவர் முழுக்கப் புதிதாகப் பூசிவிட்டு, அந்த எக்ஸைச் சுற்றி மட்டும் தூரிகையை நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலர் பட்டறையில் சொல்லி, தங்கள் வீட்டு எக்ஸை அதே தேதி, அதே எண்ணோடு இரும்பில் அடித்து வாங்கி, பழைய குறி இருந்த இடத்திலேயே மாட்டியிருக்கிறார்கள்.